பட்டன் பக்கம் மாறிய சட்டை: எட்சிங் பற்றி வாசகர் கேள்விகள்

உடுத்தும் துணியையும் வீட்டில் புழங்கும் சாமானையும் எட்சிங்காகச் செய்வது பற்றி ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து இந்த மாதம் கேள்விகள் குவிந்துவிட்டன. எட்சிங் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு முதலில் இரண்டு வரி. உலோகத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி வரைந்து, கீறிய இடத்தை மட்டும் ரசாயனத்தில் அரிக்க விடுவார்கள். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பி, நனைத்த தாளை மேலே வைத்து உருளை அச்சில் அழுத்தி எடுக்கும் படம்தான் எட்சிங். பூச்சைக் கலைஞர்கள் கிரவுண்ட் என்பார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறோம்.

பாம்பனிலிருந்து ஒரு வாசகி: எங்கள் பக்கம் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வார்கள். கொடியில் காய்ந்த அப்படி ஒரு சட்டையைப் பார்த்துச் செம்புத் தகட்டில் வரைந்தேன். பிரிண்ட் எடுத்தால் அது பொம்பளைச் சட்டையாகி நிற்கிறது. என்ன தவறு செய்தேன்?

தகட்டில் இருப்பது தாளில் இடம் வலம் மாறித்தான் விழும். ஆண்கள் சட்டையில் பட்டன், போடுபவரின் வலப்பக்கம் தைத்திருக்கும்; இடப்பக்கப் பட்டி அதன்மேல் வந்து மூடும். பெண்கள் சட்டையில் நேர்மாறு. பார்த்ததைப் பார்த்தபடியே தகட்டில் கீறியதால் பட்டி பக்கம் மாறிவிட்டது. வேறு படமாக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். உங்கள் படத்தின் சங்கதியே அது வீட்டு ஆணின் சட்டை என்பதுதானே. அதனால்தான் பார்த்தவர்களுக்கு உடனே உறுத்தியிருக்கிறது.

முந்தானைக்கும் இதே கதிதான். இடத்தோளில் கிடப்பது வலத்தோளுக்குப் போய்விடும். மஞ்சப்பையில் உள்ள ஜவுளிக்கடைப் பெயர் கண்ணாடியில் படிப்பதுபோல் வரும். சொம்பு, தலையணை, ஈயச் சட்டி போன்றவற்றுக்குப் பக்கம் கிடையாது, பார்த்தபடியே வரையலாம். உங்கள் ஊர்ப் பக்கம் கவனிக்க வேண்டிய பொருள் சங்கு. கடலில் சாதாரணமாகக் கிடைப்பது இடம்புரி. அதைப் பார்த்தபடியே தகட்டில் கீறினால் தாளில் வலம்புரி இறங்கும். ஒரே தகட்டில் ஐம்பது வலம்புரி எடுத்துவிடலாம், விலைதான் கிடைக்காது! ரெம்பிராண்டுக்கே இது நடந்திருக்கிறது. 1650இல் அவர் ஒரு கூம்புச் சங்கை எட்சிங் செய்தார். தன் கையெழுத்தை மறக்காமல் தகட்டில் திருப்பி எழுதியவர், சங்கைத் திருப்ப விட்டுவிட்டார். பிரிண்டில் பெயர் சரியாக இருக்கிறது, சங்கின் சுழி மாறியிருக்கிறது.

இனி வரையும்போது இப்படிச் செய்யுங்கள். மெல்லிய தாளில் 4பி அல்லது 6பி பென்சிலால் சட்டையைச் சரியான பக்கத்தில் வரையுங்கள். தாளை லேசாக ஈரப்படுத்தி, பென்சில் பக்கம் கீழே இருக்கும்படி கிரவுண்ட் பூசிய தகட்டின்மேல் கவிழ்த்து, குறைந்த அழுத்தத்தில் ஒரு முறை அச்சில் ஓட்டுங்கள். கறுப்புப் பூச்சின்மேல் பென்சில் கோடு வெள்ளியாக மின்னும், அதுவும் திரும்பிய நிலையில். அதன்மேலேயே ஊசியை ஓட்டினால் போதும். அச்சு கையில் இல்லையென்றால் டிரேசிங் தாளில் வரைந்து, தாளைத் திருப்பிப் போட்டு, நடுவே காவிப்பொடி தேய்த்த தாள் ஒன்றை வைத்து மேலே கோடு இழுக்கலாம். கார்பன் தாளை வழக்கம்போல் நேராக வைத்து இழுப்பவர்கள் பலர். அதில் பக்கம் மாறாது, பழைய தவறுதான் திரும்ப வரும். ரசாயனத்தில் போடும் முன் தகட்டை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரே பிடியுங்கள். தாளில் வரப்போவது அதில் தெரியும். அந்தக் கட்டத்தில் தப்பான கோட்டின்மேல் கிரவுண்டைத் தொட்டு வைத்து மூடிவிடலாம். அரித்த பிறகு முடியாது.

இப்போது கையில் இருக்கும் தகட்டை வீணாக்க வேண்டாம். பட்டியை மட்டும் சுரண்டித் திருத்துவதும் வேண்டாம்: கோட்டின் ஆழம் வரை சுரண்டினால் அந்த இடம் பள்ளமாகி, பின்னாலிருந்து தட்டி உயர்த்த வேண்டிவரும். எதிர்ப்பிரதி எடுங்கள். ஒரு பிரிண்ட் எடுத்ததும் மை ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் இன்னொரு நனைத்த தாளை வைத்து மறுபடியும் அச்சில் ஓட்டினால், இரண்டாவது தாளில் சட்டை சரியான பக்கத்துக்குத் திரும்பி வரும். மை வெளுப்பாக இருக்கும். வெயிலில் காய்ந்து சாயம் போன சட்டைக்கு அந்த வெளுப்பு பொருந்தினாலும் பொருந்தும். ஒரு பிரிண்டுக்கு ஓர் எதிர்ப்பிரதிதான் கிடைக்கும்.

தேவிபட்டினம் வாசகர்: நைட்ரிக் அமிலம் இல்லாமல் வீட்டில் செய்ய வழி உண்டா? எந்தத் தகடு, எவ்வளவு வாங்க வேண்டும்?

உண்டு. வீட்டுக்குள் நைட்ரிக் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் பழுப்புப் புகை நுரையீரலைப் பாதிக்கும்.

துத்தநாகத் தகடு என்றால் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) உப்பும் போதும். 1 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 75 கிராம், உப்பு 75 கிராம். மயில்துத்தம் உரம், பூச்சிமருந்து விற்கும் கடையில் கிடைக்கும். உப்புக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. துத்தநாகம் கரைந்து, கரைசலில் இருக்கும் செம்பு செம்பழுப்புப் பஞ்சாகத் தகட்டின்மேல் படியும். அதை ஒரு கோழி இறகால் நிமிடத்துக்கு ஒரு தடவை தடவி விலக்க வேண்டும். விலக்காமல் விட்டால் பஞ்சு படிந்த கோடு ஆழமாகாது, பக்கத்துக் கோடு ஆழமாகிவிடும். கரைசலின் நீலம் வெளிறிப்போனால் சத்து தீர்ந்துவிட்டது என்று பொருள்.

செம்புத் தகட்டுக்கு இந்தக் கரைசல் உதவாது. துத்தநாகம் செம்பைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கரையும். செம்பு தன்னையே தள்ளாது. செம்புக்கு ஃபெரிக் குளோரைடு வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் சர்க்யூட் போர்டு செய்பவர்களுக்காகக் கட்டியாக விற்பார்கள். 500 கிராம் கட்டிக்கு 1 லிட்டர் தண்ணீர். தண்ணீரில்தான் கட்டியைப் போட வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, சூடேறும். இந்தக் கரைசல் செம்பைப் பெரும்பாலும் நேர்க்கீழாக அரிப்பதால் மெல்லிய கோடு மெல்லியதாகவே நிற்கும். ஆனால் அரித்த வண்டல் கோட்டுக்குள்ளேயே தங்கி மேற்கொண்டு அரிக்கவிடாது. ஆகவே தகட்டை முகம் கீழாகக் கவிழ்த்து, நான்கு மூலையிலும் சிறு முட்டுக் கொடுத்து மிதக்க விடுங்கள். அலுமினியத் தகட்டையோ துத்தநாகத் தகட்டையோ இதில் போடாதீர்கள். கொதித்து ஆவி கிளம்பும்.

தகட்டின் கனம் 1 மில்லிமீட்டர் போதும். 20க்கு 25 சென்டிமீட்டர் செம்புத் தகடு ஏறக்குறைய 450 கிராம் இருக்கும், துத்தநாகம் 360 கிராம்; கடையில் எடைபோட்டுத்தான் கொடுப்பார்கள் என்பதால் இந்தக் கணக்கு உதவும். நான்கு விளிம்பையும் அரத்தால் சரிவாக்கிவிட்டு மூலைகளை லேசாக உருட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தாள் கிழியும், அச்சில் தாளுக்கு மேலே போடும் கம்பளியும் அறுபடும். பின்பக்கம் முழுக்கப் பிரவுன் டேப் ஒட்டுங்கள்.

தகட்டைத் துலக்குவதில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளியும் உப்பும் போட்டால் செம்பின் கறுப்பு போகும், எண்ணெய்ப் பிசுக்கு போகாது. சாக்பீஸ் தூளைச் சலவைச் சோடாக் கரைசலில் குழைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் தகடு முழுக்க ஒரே படலமாக ஓடினால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இருக்கிறது. அந்த இடத்தில்தான் நாளை கிரவுண்ட் உரியும்.

கிரவுண்டுக்குத் தேன்மெழுகு 2 பங்கு, அஸ்பால்டம் (கட்டித் தார்) 2 பங்கு, ரோசின் (பைன் மரப் பிசின்) 1 பங்கு, எல்லாம் எடைக்கணக்கு. சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், நேரடித் தீ வேண்டாம். வரைய விலை கூடிய ஊசி தேவையில்லை. கோணி ஊசியின் முனையை உப்புத்தாளில் உருட்டி மழுக்கி, ஒரு மரக் கைப்பிடியில் செருகினால் ஆயிற்று. பூச்சைத் திறப்பதோடு ஊசியின் வேலை முடிந்தது. உலோகத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தினால் கோடு வளையாமல் விறைத்துப்போகும்.

எத்தனை நிமிடம் என்பதற்குக் கரைசலின் வயதும் அன்றைய வெப்பமும்தான் பதில். கத்தரித்து மிஞ்சிய துண்டில் பத்துக் கோடு கீறி, மூன்று நிமிடத்துக்கு ஒரு கோடாக மூடிக்கொண்டே வந்து, ஒரு பிரிண்ட் எடுத்து அச்சுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். மே மாதத்தில் ஒட்டியது மார்கழிக்கு உதவாது.

தொண்டி வாசகி: பரமக்குடி நெசவுக் காட்டன் சேலையின் இழையே பிரிண்டில் தெரிய வேண்டும். ஊசியால் ஒவ்வோர் இழையாக வரைய ஆரம்பித்து ஒரு சாணுக்கே கை ஓய்ந்துவிட்டது.

இழையை வரையாதீர்கள், சேலையையே தகட்டில் அழுத்துங்கள். இதற்கென்றே இருப்பது சாஃப்ட் கிரவுண்ட். மேலே சொன்ன கிரவுண்டோடு கொழுப்போ பெட்ரோலியம் ஜெல்லியோ கலந்தால் அது காயாமல் ஒட்டுப்பதத்திலேயே இருக்கும். எது அழுத்தினாலும் பூச்சு அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அந்த இடத்தில் உலோகம் திறக்கும்.

குளிர்நாட்டுச் செய்முறையில் கிரவுண்டும் ஜெல்லியும் சரிபாதி என்று இருக்கும். தொண்டி வெயிலில் அந்தக் கலவை தகட்டில் நிற்காது, வழியும். துணியைத் தூக்கினால் இழை இடுக்கில் இருக்கும் பூச்சும் சேர்ந்து வந்துவிடும், பிரிண்டில் கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். 3 பங்கு கிரவுண்டுக்கு 1 பங்கு ஜெல்லி வையுங்கள். கோடையில் அதையும் குறைக்கலாம். விடியற்காலையில் வேலையை வைத்துக்கொண்டு, தகட்டை ஈரத்துணிமேல் பத்து நிமிடம் கிடத்திக் குளிரவிட்டு ஆரம்பியுங்கள்.

துணி பழசாக, கஞ்சி முற்றிலும் போனதாக இருக்க வேண்டும். கஞ்சி இழைகளின் இடுக்கை அடைத்துவிடும், புதுச்சேலையில் இழைக்குப் பதில் வெறும் சொரசொரப்புத்தான் பதியும். அச்சின் தட்டில் தகடு முகம் மேலாக, அதன்மேல் ஒற்றை மடிப்பில் துணி, அதன்மேல் பட்டர் பேப்பர், அதன்மேல் ஒரே ஒரு பழைய கம்பளி. பிரிண்ட் எடுக்கும் அழுத்தத்தில் பாதி போதும். ஒரே ஓட்டம். திரும்ப ஓட்டினால் துணி ஒரு மயிரிழை நகர்ந்து இழைகள் இரட்டிக்கும். பிறகு ஒரு மூலையைப் பிடித்து, தகட்டோடு ஒட்டினாற்போல் மெதுவாக உரியுங்கள். சாய்வெளிச்சத்தில் பார்த்தால் ஊடும் பாவும் மின்ன வேண்டும். மின்னவில்லை என்றால் பூச்சு கனம். அழித்துவிட்டு மறுபடி பூசுவதே மேல்.

கரைசலில் போடும் முன், சேலை இருக்கக்கூடாத இடத்தையெல்லாம் மரவேலைக்காரர்கள் பூசும் பிரெஞ்ச் பாலிஷால் மூடுங்கள். சாஃப்ட் கிரவுண்ட் மெலிசு என்பதால் மூடாத இடமெல்லாம் புள்ளி புள்ளியாக அரிபடும். கைரேகை விழுந்தால் அதுவும் அப்படியே அச்சாகும்.

தையலும் கரையும் உள்ள துணி என்றால் 1 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த எதையும் விடாதீர்கள். பட்டன், கொக்கி, ஜரிகைக் கட்டி எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிடுங்கள். அச்சில் ஒரு பட்டன் போனால் தகட்டில் குழி, கம்பளியில் ஓட்டை. நைலான் வலையையும் இப்படிப் பதிக்கலாம், முடிச்சுகள் கடினம் என்பதால் அழுத்தத்தை இன்னும் குறைக்க வேண்டும். கைக்குழந்தைச் சட்டை மாதிரிச் சிறியதை முழுசாகவே ஓட்டலாம். இரண்டு அடுக்கில் தகட்டைத் தொடும் அடுக்கின் இழைதான் பதியும். மேலடுக்கின் தையல் மட்டும் மேடாகத் தெரியும்.

இத்தனையும் சரியாகச் செய்தபின் வரும் ஏமாற்றம் ஒன்று உண்டு. இழை அருமையாக விழுந்திருக்கும், ஆனால் படம் ஜவுளிக்கடைச் சாம்பிள் துண்டுபோல் தட்டையாக இருக்கும். காரணம், உடுத்திய சேலையில் இழை எங்கும் ஒரே திசையில் ஓடாது. கொசுவத்தில் செங்குத்தாக இறங்கும், இடுப்பில் சாய்ந்து சுற்றும், தோளில் திரும்பும். ஆகவே துணியை மடிப்புவாரியாகத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அந்த மடிப்பில் இழை ஓடும் திசைக்குத் திருப்பி வைத்துப் பதியுங்கள். மடிப்பின் ஓரத்துக்கு மட்டும் ஊசிக்கோடு. இப்படிச் செய்தால் நிழல் போடாமலே சேலைக்கு உடம்பு வந்துவிடும்.

ராமநாதபுரம் வாசகர்: கரும்புச்சாறு பிழியும் மெஷினில் பிரிண்ட் எடுக்க முடியுமா?

முடியாது. அதன் உருளைகளில் வரிப்பள்ளம் இருக்கும், உருளைகளுக்கு நடுவே தட்டும் கிடையாது. எட்சிங் அச்சுக்கு வழவழப்பான இரண்டு உருளை, நடுவே ஓடும் சமதளமான எஃகுத் தட்டு, மேலுருளையை இரு பக்கமும் ஒரே அளவில் இறக்கும் திருகு, இவ்வளவும் வேண்டும். 45 சென்டிமீட்டர் அகல அச்சுக்கு மேலுருளையின் விட்டம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, குறைந்தால் நடுவில் வளைந்துகொடுத்து நடுப்படம் வெளுக்கும். நல்ல லேத் பட்டறையில் செய்துவிடலாம். அதற்கு முன் ஒரு தடவையாவது சரியான அச்சில் ஓட்டிப் பார்க்க விரும்பினால், சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமி மண்டல மையத்தில் அச்சோவியக் கூடம் இருக்கிறது.

கீழக்கரை வாசகி: பனையோலைப் பெட்டி வரைகிறேன். பின்னல் கோடுகள் நெருக்கமாக இருக்கும் மடிப்பு மூலைகளில் கறுப்பாக வர வேண்டியது சாம்பலாக வருகிறது. அதிக நேரம் அரித்தால் இன்னும் மோசமாகிறது.

கோடுகளுக்கு நடுவே இருந்த உலோகச் சுவர் இடிந்துவிட்டது. அரிப்பு கீழே போகும்போதே பக்கவாட்டிலும் கொஞ்சம் தின்னும். இரண்டு கோடு அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் அவற்றின் நடுவே உள்ள கிரவுண்ட் அடியில் பிடிமானம் இல்லாமல் பெயரும். பல கோடுகள் சேர்ந்து ஒரே அகலக் குழியாகிவிடும். மை தங்க ஒடுங்கிய பள்ளம் வேண்டும். அகலக் குழியில் துடைக்கும் துணி உள்ளே போய் மையை வழித்துக்கொண்டு வந்துவிடும், ஓரத்தில் மட்டும் மை நிற்கும். அதனால்தான் சாம்பல் நடுவும் கறுப்பு ஓரமும்.

கறுப்பு வேண்டிய இடத்தில் கோட்டை நெருக்காமல், குறுக்கே வேறு சாய்வில் இன்னொரு வரிசை போடுங்கள். அதையும் ஒரே தடவையில் அரிக்க வேண்டாம். முதல் வரிசையை அரித்து, கழுவி, மறுபடி கிரவுண்ட் பூசி, அடுத்த வரிசையைக் கீறி அரியுங்கள். இத்தாலியின் போலோன்யா நகரத்து ஜோர்ஜோ மொராந்தி பாட்டில்களையும் ஜாடிகளையும் எட்சிங் செய்ததெல்லாம் இப்படிக் குறுக்குக்கோட்டு வலையால்தான். 1930 முதல் 1956 வரை அங்குள்ள கலைக்கல்லூரியில் இதையே சொல்லிக்கொடுத்தவர். அவர் படத்தின் ஆழ்ந்த கறுப்பை உருப்பெருக்கியில் பார்த்தால் கட்டம் கட்டமாக வெள்ளை தெரியும். இடிந்த மூலையைக் காப்பாற்ற வழி, அந்தக் குழிக்குள் மட்டும் ரோசின் பொடி தூவிச் சூடாக்கி மறுபடி அரிப்பது. குழியின் தரை சொரசொரப்பாகி மை பிடிக்கும்.

இன்னொன்று. பெட்டியின் எல்லா ஓலையையும் வரைய வேண்டியதில்லை. வாய்விளிம்பின் முறுக்கு, ஒரு மூலையில் ஓலை மடங்கித் திரும்பும் இடம், அறுந்து தொங்கும் ஒரு சிம்பு, இந்த மூன்றும் சரியாக இருந்தால் வெளிச்சம் படும் பக்கத்தை வெறும் தாளாகவே விடலாம். பிராகு நகரில் 1607இல் பிறந்த வென்சஸ்லாஸ் ஹோலர், ஐரோப்பியப் பெண்கள் குளிருக்குக் கைநுழைக்கும் ரோம உறைகளைத் தனியே மேசைமேல் கிடப்பதுபோல் 1640களில் எட்சிங் செய்திருக்கிறார். ரோமத்தின் குட்டிக் கோடுகளே உருவத்தின் ஓரமாகி நிற்கும். துணியும் பொருளும் மட்டுமே ஒரு படத்துக்குப் போதுமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். அவர்களுக்கும் இதே பதில்.

மண்டபம் வாசகர்: எவர்சில்வர் குடத்துக்கும் அலுமினியச் சட்டிக்கும் வித்தியாசம் தெரியும்படி நிழல் போட வேண்டும். அக்வாடின்ட் செய்தால் திட்டுத்திட்டாக வருகிறது.

திட்டுக்குக் காற்று ஒரு காரணம், ஈரம் இன்னொன்று. அக்வாடின்டில் ரோசின் பொடியைத் தகட்டில் தூவி, அடியில் சூடுகாட்டி ஒட்டவைத்து, பொடிக்கு இடையில் தெரியும் உலோகத்தை அரிக்கிறோம். கச்சான் வீசும் மாதங்களில் திறந்த வீட்டில் தூவினால் ஒரு பக்கம் குவியும். மழை மாதங்களில் ரோசின் கட்டிபிடிக்கும். நன்றாக உலர்த்தி மறுபடி பொடித்து, இரண்டு அடுக்கு மல் துணியில் முடிந்து வையுங்கள். மூடியுள்ள அட்டைப்பெட்டியில் பொடியைப் போட்டுக் குலுக்கி, அரை நிமிடம் பொறுத்து (பெரிய துகள் கீழே இறங்கட்டும்), தகட்டை உள்ளே நகர்த்தி மூன்று நிமிடம் வையுங்கள். தகட்டின் பரப்பில் பாதிக்குச் சற்று மேல் பொடி மூடியிருந்தால் சரி. மூக்கில் முகக்கவசம் கட்டாயம். ரோசின் தூசி காற்றில் மிதக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே அடுப்பு வேறு அறையில்.

சூடுகாட்டும்போது வெள்ளைப்பொடி கண்ணாடிபோல் தெளியும் கணத்தில் நிறுத்த வேண்டும். கூடினால் உருகி ஒரே படலமாகும், எங்கும் அரிக்காது. குறைந்தால் கரைசலில் பொடி கழன்று மிதக்கும். இது கைவரும் வரை கறுப்பு எனாமல் ஸ்ப்ரே பயன்படுத்தலாம்: தகட்டைத் தரையில் கிடத்தி, இரண்டடி உயரத்தில் கிடைமட்டமாக அடித்து, சாரல் தானாக இறங்க விடுங்கள். சூடு தேவையில்லை. புதியவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

பாத்திரங்களுக்கு வருவோம். எவர்சில்வரில் இடைநிழல் மிகக் குறைவு. பக்கத்தில் இருக்கும் கதவு, ஜன்னல், ஆள் எல்லாம் வளைந்து அதில் தெரியும். உச்ச வெள்ளைக்குப் பக்கத்திலேயே உச்சக் கறுப்பு வெட்டினாற்போல் நிற்கும். வெள்ளை வேண்டிய இடத்தை முதலிலேயே பிரெஞ்ச் பாலிஷால் மூடிவிட்டு மூன்றே நிழலில் முடியுங்கள். செம்புத் தகடு, ஃபெரிக் குளோரைடு என்றால் மொத்தக் கணக்கில் 1 நிமிடம், 4 நிமிடம், 16 நிமிடம். அலுமினியம் மங்கல்; அதற்கு அரை, 1, 2, 4, 8 நிமிடம் என்று ஐந்து படி வையுங்கள், உச்ச வெள்ளை வேண்டாம். படிகளுக்கு நடுவே தெரியும் வெட்டை, எண்ணெய் தொட்ட பர்னிஷரால் (வழவழப்பான எஃகுத் தேய்ப்புக் கருவி) தேய்த்துக் கரைத்துவிடலாம். சட்டியின் நசுங்கல்களும் அப்படித் தேய்த்து எடுத்தவையாக இருந்தால்தான் நம்பும்படி இருக்கும்.

ராமேஸ்வரம் வாசகர்: பிரிண்ட் காய்ந்ததும் வெண்பூ பூக்கிறது, சில மாதத்தில் பழுப்புப் புள்ளி விழுகிறது. தகடும் பச்சை கட்டுகிறது.

வெண்பூ உங்கள் தண்ணீர். உவர்த்தண்ணீரில் தாளை ஊறவைத்தால் உப்பு தாளுக்குள்ளேயே தங்கும். தாள் நனைக்க மட்டும் பிடித்துவைத்த மழைத்தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். 250 முதல் 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் 20 நிமிடம் ஊறினால் போதும். ஒற்றுத்தாள் நடுவே வைத்து, மேலே மினுமினுப்பு தெரியாத அளவுக்கு ஒற்றி எடுங்கள். மினுங்கினால் மை தாளில் ஏறாது.

பழுப்புப் புள்ளி பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் எடுத்த பிரிண்டை ஒற்றுத்தாள் நடுவே வைத்து, ஒற்றுத்தாளைத் தினம் இரண்டு முறை மாற்றி முழுக்க உலர்த்தியபின் அடுக்குங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். தகட்டில் மை துளியும் இல்லாமல் மண்ணெண்ணெயால் கழுவி, மெலிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவித் தாளில் சுற்றிவையுங்கள். அச்சின் உருளைக்கும் அதே தடவல். கடற்காற்று ஒரு வாரத்தில் அதைத் துருவாக்கிவிடும்.

வெயிலில் மை இளகி, துடைக்கும்போது கோட்டிலிருந்தே வந்துவிடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். மையில் மெக்னீசியம் கார்பனேட் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து, கத்தியிலிருந்து நூலாக ஒழுகாமல் கட்டியாக அறுந்து விழும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். துடைக்கக் கஞ்சி போட்டு விறைப்பாகக் காயவைத்த மல் துணி. மெத்தென்ற துணி பள்ளத்துக்குள் நுழையும், விறைத்தது மேலோடு போகும்.

ஏர்வாடி வாசகர்: தீர்ந்த கரைசலைக் கடலில் கொட்டலாமா? உப்பும் துத்தமும்தானே.

கூடாது. அந்தத் துத்தம்தான் செம்பு. நெல்வயலில் பாசியைக் கொல்லத் தெளிப்பது. பாசிக்கும் மீன்குஞ்சுக்கும் பவளத்துக்கும் அது விஷம். உங்கள் கரைக்கு எதிரே 1986இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது.

கரைசலைப் பெரிய பிளாஸ்டிக் வாளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல் ஊற்றி, சலவைச் சோடாவைக் கரண்டி கரண்டியாகப் போடுங்கள். நுரை பொங்கும், அடங்கியபின் அடுத்த கரண்டி. பொங்குவது நின்றதும் ஒரு நாள் தெளியவிட்டால் உலோகம் எல்லாம் சேறாக அடியில் இறங்கும். தெளிவை மட்டும் வீட்டுக் கழிவுநீரில் விடலாம். சேற்றைத் துணியில் வடித்து, காயவைத்து, மூடிபோட்ட டப்பாவில் சேர்த்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். தென்னைக்கு உரமாகப் போடலாமா என்று அடுத்துக் கேட்கவேண்டாம்.

தங்கச்சிமடம் வாசகி: ஒரு தகட்டில் எத்தனை பிரிண்ட் வரும்? எப்படி எண் போடுவது?

கோட்டு எட்சிங் என்றால் துத்தநாகத்தில் ஐம்பது வரை நம்பலாம், செம்பில் அதைவிடப் பல மடங்கு. சாஃப்ட் கிரவுண்டில் எடுத்த துணி இழையும் மெல்லிய அக்வாடின்டும் முதலில் தேயும். இருபதாவது பிரிண்டையும் முதல் பிரிண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இழை மங்கியிருந்தால் அந்த எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படத்தின் கீழே, இடப்பக்கம் 3/20 என்று பென்சிலில்: மொத்தம் 20, இது மூன்றாவது. வலப்பக்கம் கையெழுத்து. எண் போடாமல் வரைந்தவர் வைத்துக்கொள்வது பத்தில் ஒன்று என்பது வழக்கம். பேனாவால் எழுதாதீர்கள். ராமேஸ்வரத்து ஈரக்காற்றில் பேனா மை பரவும்.